உப்புத் தோலும் பதமான தோலும்

என் மாமா வேலூர்ப் பக்கத்துப் பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முப்பது வருஷத்துக்கு மேல் செலக்ஷன் பார்த்தவர். பதனிட்டு வரும் தோலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூணாம் தரம் என்று பிரித்துப் போடும் வேலை. ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் ஒருநாள் அவரோடு போயிருந்தேன். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன். கிடங்கில் ஆளுயரத்துக்குத் தோல் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு தோலுக்கும் நடுவே கல்லுப்பு. "இதெல்லாம் அழுகாதா மாமா?" என்று கேட்டேன்.

"உப்புல தூங்கினுக்குதுடா. தூங்கறது வேற, செத்தது வேற. உப்பைக் கழுவி வுட்டுட்டு ரெண்டு நாள் சும்மா கெடக்க வுடு, தெருவே நாறும்."

அன்றைக்கு அது வெறும் தோல் சமாச்சாரம். கல்லூரியில் உளவியல் படித்தபோதுதான் மாமா சொன்னது திரும்ப ஞாபகம் வந்தது. மனிதன் தன் கோபத்தை, பொறாமையை, வெளியே சொல்ல முடியாத ஆசையை என்னவெல்லாம் செய்கிறான் என்று ஒரு பாடம். அதில் பாதிக்கு மேல் உப்புப் போடும் வேலைதான். ஒன்றே ஒன்று மட்டும் பதனிடும் வேலை.

அந்த ஒன்றை உளவியலில் பேசவைத்தவர் வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1905-ல் எழுதிய கட்டுரைகளில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெளிப்படையாகத் தீர்த்துக்கொள்ள முடியாத ஓர் உந்துதல், ஊர் ஏற்றுக்கொள்ளும் ஒரு காரியமாக, கலையாகவோ ஆராய்ச்சியாகவோ சேவையாகவோ உருமாறி வெளியே வருகிறது என்பது அவர் கருத்து. அதற்குப் பெயர் சப்ளிமேஷன். வேதியியலிலும் அதே சொல் உண்டு. கற்பூரம் உருகித் தண்ணீராகாமல் நேரே ஆவியாகிறதே, அந்தப் பதங்கமாதல். தமிழில் உளவியல் எழுதுகிறவர்கள் இதை மடைமாற்றம் என்று சொல்வதுண்டு. நல்ல சொல். வடாற்காட்டுக்காரன் காதில் விழுந்தவுடனே புரிகிற சொல்லும்கூட. வற்றாத ஆறு இல்லாத சீமை இது. பாலாறே வருஷத்தில் பல மாதம் வெறும் மணல். காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி பெரிய ஏரிகளை நம்பி மதகு, மடை, கலங்கல் என்று தண்ணீரைத் திருப்பித் திருப்பியே விவசாயம் பார்த்த ஊர்கள்.

ஆனால் இந்த நல்ல சொல்லுக்குள்ளேயே ஒரு தப்புக் கணக்கும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், எது மடைமாற்றம், எது இல்லை என்று பார்த்துவிடலாம். ஆபீசில் மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டிவிடுகிறார். பதில் பேச முடியாது. வீட்டுக்கு வந்து சாம்பாரில் உப்பில்லை என்று மனைவியிடம் பாய்கிறோம். அவள் பிள்ளை முதுகில் ஒன்று வைக்கிறாள். பிள்ளை நாயை உதைக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, இதுதான். உளவியலில் இதற்கு இடமாற்றம் என்று பெயர். கோபம் அப்படியே பச்சையாக இருக்கிறது, ஆள் மட்டும் மாறுகிறார். அதே மனிதர் "எனக்கா? கோபமா? சேச்சே" என்று சிரித்தால் அது மறுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தில் காட்டாமல் இருந்தால் அடக்கல். அவரே மறுநாள் சங்கத்தில் சேர்ந்து, இந்த மாதிரி அவமானங்களை எப்படி எழுத்தில் பதிவு செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால், அல்லது அந்த எரிச்சலை வைத்தே நாலு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு சிறுகதை எழுதிவிட்டால், அது மடைமாற்றம்.

ஃப்ராய்டின் மகள் அன்னா 1936-ல் மனத்தின் தற்காப்பு முறைகளை வரிசைப்படுத்தினார். ஒன்பதைச் சொல்லிவிட்டுப் பத்தாவதாக இதைச் சேர்த்தார். சேர்க்கும்போதே, இது நோயாளிகளைவிட நல்லபடியாக இருப்பவர்களைப் பற்றிய படிப்புக்கே அதிகம் உரியது என்றும் சொல்லிவைத்தார். அதற்கப்புறம் இதைக் கையில் எடுத்தவர் ஜார்ஜ் வேலண்ட் என்ற மனநல மருத்துவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938-ல் தொடங்கி 268 மாணவர்களை அவர்கள் கிழவர்களாகும்வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. இடையில் அதை ஏற்று நடத்திய வேலண்ட், 1977-ல் தற்காப்பு முறைகளை ஓர் ஏணி மாதிரி அடுக்கிக் காட்டினார். கீழ்ப்படியில் மறுப்பு, பிறர்மேல் பழி போடுதல். மேல்படியில் நகைச்சுவை, பிறருக்கு உதவுதல், வரப்போவதற்கு மனத்தைத் தயார்செய்தல், தெரிந்தே தள்ளிவைத்தல், மடைமாற்றம். மேல்படிக்காரர்களின் வேலையும் குடும்பமும் மனநலமும் ஒப்பீட்டளவில் நன்றாக இருந்தன என்பது அவர் கண்டது.

தெரிந்தே தள்ளிவைத்தலும் மேல்படியில்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். "இப்ப வேணாம், கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்பது கெட்டிக்காரத்தனம். உப்பைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. எங்கோ தூரத்து ஊரில் உரித்த தோல் பேரணாம்பட்டு வந்து சேர்வதே உப்பின் புண்ணியம். பச்சைத் தோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். உப்பு அதை உறிஞ்சிவிடுகிறது, பாக்டீரியாவுக்குப் பிழைக்க வழியில்லை, அழுகல் நிற்கிறது. அவ்வளவுதான். தோல் மாறவில்லை. உப்பிலேயே பத்து வருஷம் வைத்திருந்து செருப்புத் தைக்க முடியாது.

மனத்தில் இதற்குச் சமமானது என்ன? 1993-ல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் சிலரை உட்காரவைத்து அருவருப்பான மருத்துவக் காட்சிகளைக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம், முகத்தில் எதையும் காட்டாமல் பாருங்கள் என்றார்கள். அவர்களும் காட்டவில்லை. ஆனால் உள்ளே அருவருப்பு ஒரு துளியும் குறையவில்லை. விரலில் வியர்வை ஊறும் அளவு மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. முகம் அமைதி, உடம்பு ஓவர்டைம். டேனியல் வெக்னர் 1987-ல் செய்த சோதனை இதைவிடப் பிரபலம். ஒரு வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சொல்லி, நினைத்தால் மணியடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடையை எடுத்த பிறகு கரடி இன்னும் அதிகமாக வந்தது. எதை நினைக்கக் கூடாது என்று மனம் காவல் காக்கிறதோ, காவலுக்காகவே அதை அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உப்பைக் கழுவினால் தெருவே நாறும்.

இப்போது அந்தத் தப்புக் கணக்குக்கு வருகிறேன்.

மடை, மதகு என்று சொன்னவுடன் மனத்தில் என்ன படம் வருகிறது? உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. திறந்துவிடாவிட்டால் கரை உடையும். திறந்துவிட்டால் மட்டம் இறங்கும். ஃப்ராய்ட் மனத்தில் இருந்த படமும் ஏறக்குறைய இதுதான். அவர் இளமையில் வேலை பார்த்தது எர்ன்ஸ்ட் ப்ரூக்கேயின் உடலியல் ஆய்வகத்தில். உயிருள்ள உடம்பையும் இயற்பியலின் விசைகளாலேயே விளக்கிவிட முடியும் என்று நம்பிய கூட்டம் அது. நீராவி எந்திரத்தின் நூற்றாண்டு, ஆற்றல் அழியாது, உருமாறும் என்ற விதி அப்போது புதுசு. மன ஆற்றலும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். நம் வீட்டு மொழியில் சொன்னால் குக்கர். விசில் வந்தால்தான் பிரஷர் இறங்கும், "கத்தித் தீர்த்துடு, மனசுல வச்சுக்காத".

சோதித்துப் பார்த்தார்கள். பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வு. 600 கல்லூரி மாணவர்கள். ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லி, இன்னொரு மாணவர் திருத்தியதாக ஒரு தாளைக் கொடுத்தார்கள். "நான் படித்ததிலேயே படுமோசமான கட்டுரைகளில் ஒன்று" என்ற பாணியில் அதில் எழுதியிருந்தது. எல்லாருக்கும் சுர்ரென்று ஏறியது. பிறகு ஒரு பிரிவினருக்குக் குத்துச்சண்டைப் பையைக் கொடுத்து, திட்டியவனை நினைத்துக்கொண்டே குத்தச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை, உடம்பு கட்டுமஸ்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு குத்தச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவினர் இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குக்கர் கணக்குப்படி முதல் பிரிவுதான் குளிர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். திட்டியவனை நினைத்துக் குத்தியவர்களுக்கே கோபம் அதிகம் இருந்தது. அவனுக்குக் காதைப் பிளக்கும் சத்தம் அனுப்ப வாய்ப்புக் கொடுத்தபோது அதிகமாக அனுப்பியவர்களும் அவர்களே. சும்மா இருந்தவர்கள்தான் குறைவாக அனுப்பினார்கள்.

2024-ல் சோஃபி ஷார்விக்கும் இதே புஷ்மனும் 154 ஆய்வுகளை, 10,189 பேர் பற்றிய தகவல்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா மாதிரி உடம்பின் வேகத்தைக் குறைப்பவை கோபத்தைக் குறைத்தன. வேகத்தைக் கூட்டுபவை மொத்தத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஜாகிங் ஓடுவது சற்றுக் கூட்டவே செய்தது. பந்து விளையாட்டுகள் குறைத்தன. தனியாக ஓடும்போது மண்டைக்குள் அந்த ஆளோடு சண்டை போட்டுக்கொண்டே ஓடலாம். பந்து எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டியவனுக்கு அந்த வசதி இல்லை. இது என் ஊகம்தான், ஆனால் வாலிபால் ஆடியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஏன் இப்படி? கோபம் சேமிப்புத் தொட்டியில் கிடக்கும் சரக்கு கிடையாது என்பதுதான் காரணம். அது ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சமைக்கப்படுகிறது. மூளையின் அடியில் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று மணியடிக்கிறது. ஹைபோதலாமஸ் என்ற இன்னொரு மூளைப் பகுதி வழியாகச் செய்தி போய், சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடுகிறது. இதயம் படபடக்கிறது, கை நடுங்குகிறது. அந்த அட்ரினலின் ரத்தத்தில் தங்குவது சில நிமிஷங்கள்தான். பின்னாலேயே வரும் கார்டிசால் என்ற ஹார்மோன் இருபது முப்பது நிமிஷத்தில் உச்சம் தொட்டு இறங்க ஆரம்பிக்கும். சும்மா விட்டால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் உடம்பு தன் நிலைக்கு வந்துவிடும். அப்படியானால் ஏழு வருஷத்துக்கு முந்தின பங்காளிச் சண்டை இன்றைக்கும் நெஞ்சில் எரிகிறதே, எப்படி? நாமே தினமும் அடுப்பு மூட்டுகிறோம். அவன் சொன்ன வார்த்தை, நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில், அவன் முகம் போன போக்கு. அந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அமிக்டலா மறுபடி மணியடிக்கிறது. பையைக் குத்தியவர்கள் செய்ததும் அதுதான். கோபத்தை வெளியேற்றவில்லை, அதற்கு ஒத்திகை பார்த்தார்கள். போதாததற்குக் குத்திக் குத்தி ஏறிய படபடப்பையும் மனம் கோபத்தின் கணக்கிலேயே வரவு வைத்துவிடும்.

ஆக, தண்ணீரைத் திருப்பிவிடுகிற கதையாக இதைப் பார்த்தால் பிசகும். தோல் ஷாப்பு கதையாகப் பார்த்தால் பொருந்தும் என்பது என் கட்சி.

தோலுக்கு உயிர்நாடி கொலாஜன் என்ற புரத நார். பச்சைத் தோலைச் சூடான தண்ணீரில் போட்டால் அறுபது, அறுபத்தைந்து டிகிரியிலேயே சுருண்டுவிடும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய குழியில் வாரக்கணக்கில் கிடந்தால், பட்டையின் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அந்த நார்களுக்கு நடுவே புகுந்து ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. பாக்டீரியாவால் கடிக்க முடிவதில்லை. சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். அதே தோல், அதே நார், எதையும் வெளியே எடுத்துக் கொட்டவில்லை. நார்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கிற விதம் மாறிவிட்டது. ஆனால் பட்டைக் குழிக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. உப்பைக் கழுவி, தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்க வேண்டும். உப்புத் தோலை அப்படியே பட்டையில் போட்டால் பிடிக்காது.

மனத்தில் அந்த ஊறவைப்பு, என்ன உணர்ச்சி என்று பெயர் சொல்வதுதான். 2007-ல் மேத்யூ லீபர்மன் குழுவினர், மூளையைப் படம் பிடிக்கும் எந்திரத்துக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டினார்கள். இந்த முகத்தில் தெரிவது கோபம் என்று சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது, நெற்றிக்குப் பின்னால் வலதுபக்கம் முன்மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்பதற்கும் "அவனுக்கு வீட்டைக் கொடுத்துட்டு எனக்குக் காலி மனையைக் கொடுத்தாங்களேன்னு பொறாமையா இருக்கு" என்பதற்கும் இருக்கிற வித்தியாசம் சின்னதில்லை. இரண்டாவதில் சதையைச் சீவத் தொடங்கியாயிற்று.

அப்புறம் பட்டை. மாமாவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். நான் காலேஜில் இருந்தபோது, மாமாவுக்கும் அவர் தம்பிக்கும் பாகப் பிரிவினையில் சண்டை வந்தது. வீடு, ஒரு காலி மனை, கொஞ்சம் நகை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசியும் தீரவில்லை. ஒருநாள் மாமா கையில் கிடைத்த இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியதை நானே பார்த்தேன். அத்தை காலைப் பிடித்து நிறுத்தினாள். அதற்கப்புறம் ஆறு மாசம் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. காலையில் வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே ஷாப்புக்குப் போய்விடுவார்.

ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே நீள மேஜை. நேர் வெயில் விழாத, நிழல் ஓடாத வெளிச்சம் வேண்டும் என்பதற்காகத்தான் வடக்கு. தோலை உதறி விரிப்பார். இடது உள்ளங்கை அடியில், வலது கட்டைவிரல் மேலே. கழுத்திலிருந்து வால்பக்கம்வரை ஒரே இழுப்பு. கட்டைவிரல் திடீரென்று நிற்கும். முள் கீறல். இன்னொரு இடத்தில் உண்ணி கடித்த தழும்பு. விலாப்பக்கம் சூடு போட்ட தடம். புரட்டினால் உள்பக்கம் உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு, மேலே தெரியாது, விரலுக்குத் தெரியும். மடித்துப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், சாக்கட்டியால் ஓரத்தில் ஒரு எண். அடுத்தது. நான் வந்து நின்றதையே பார்க்கவில்லை. ஒரு தோலுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஆனால் அந்த நிமிஷத்துக்குள் வேறெதுவும் நுழைய இடமில்லை.

இந்த இடமில்லாமைக்கு அறிவியலில் கணக்கு இருக்கிறது. நடப்பு நினைவு என்று நாம் சொல்லக்கூடிய மூளையின் மேஜை மிகச் சின்னது. படம் பார்ப்பது, பொருளைத் திருப்பிப் பார்ப்பது, விரலால் அளப்பது எல்லாம் அதே மேஜையில் நடக்க வேண்டும். பழைய சண்டையின் காட்சியும் அங்கேதான் ஓடியாக வேண்டும். 2009-ல் எமிலி ஹோம்ஸ் குழுவினர் ஆக்ஸ்ஃபோர்டில் 40 பேருக்குக் கோரமான காட்சிகள் கொண்ட படம் காட்டினார்கள். அரைமணி கழித்துப் பாதிப் பேரைப் பத்து நிமிஷம் டெட்ரிஸ், அதாவது மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு, விளையாடச் சொன்னார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அந்தக் காட்சிகள் கேட்காமல் கண்முன் வந்து நிற்பது குறைவாக இருந்தது. ஆனால் படத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் சொன்னார்கள். நினைவு போகவில்லை. அதன் கடி குறைந்தது.

டெட்ரிஸ் வெறும் கவனத் திருப்பல், மடைமாற்றம் இல்லையே என்று கேட்கலாம். சரிதான். கையும் கண்ணும் பிடிபடுவது முதல் பாதி மட்டும். இரண்டாவது பாதிக்கு, வேலைக்கு வெளியே ஒரு தராதரம் இருக்க வேண்டும். தோல் நல்லதா இல்லையா என்பதை மாமாவின் கோபம் தீர்மானிக்க முடியாது, தோல்தான் தீர்மானிக்கும். வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான். மேலும், கோபத்தில் வரும் அந்தக் கூர்மை, எதிராளியிடம் குற்றம் தேடும் கண், இந்த வேலைக்குத் தோதாக அமைந்துவிடுகிறது. குற்றம் கண்டுபிடிப்பதுதான் செலக்ஷன்.

கலவை ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்தபோதும் இதுதான் தோன்றியது. துகிலுரியும் இரவு, துச்சாதனன் வேஷக்காரர் கட்டை என்கிற மர அணிகளைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது நமக்கே அடிவயிறு கலங்குகிறது. அவ்வளவு ஆவேசம். ஆனால் கால் தாளத்தை விட்டு ஓர் எழுத்துக்கூட விலகவில்லை. மிருதங்கக்காரர் வேகம் ஏற்றினால் அவரும் ஏறுகிறார், முடித்துக்கொடுத்த இடத்தில் டக்கென்று நிற்கிறார். நிஜக் கோபக்காரன் அந்த இடத்தில் நிற்க மாட்டான். நடுவில் கட்டியங்காரன் புகுந்து கிண்டலடித்து எல்லாரையும் சிரிக்கவைத்துவிடுகிறான். வேலண்ட் ஏணியின் இரண்டு மேல்படிகள் ஒரே மேடையில்.

கல்லூரிப் பாடத்தில் மேரி வர்கீஸைப் பற்றி இருந்ததில்லை. வேலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாடத்தில் தேவையும் இல்லை. கொச்சிப் பக்கத்துப் பெண், வேலூர் சிஎம்சியில், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மருத்துவர். 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. மகப்பேறு மருத்துவராக நினைத்திருந்தவர். அங்கே அப்போது தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையில் பால் பிராண்ட் பேர்போனவர். கை அறுவைக்கு உட்கார்ந்தே செய்யலாம் என்று மேரியை அதில் இழுத்துவிட்டார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி அறுவை செய்தார். பிறகு வெளிநாடு போய், உடல் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி அந்தத் துறையைச் சிஎம்சியில் கட்டினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது.

அவர் செய்த அறுவையே ஒரு மடைமாற்றம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தொழுநோய் முழங்கைப் பக்கம் போகும் நரம்பைத் தாக்கினால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிவிடும். ஆனால் மணிக்கட்டைத் தூக்கும் முன்கைத் தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதில் ஒன்றின் நாணை எடுத்து, நீட்டி, நாலாகப் பிரித்து விரல்களில் பொருத்துகிறார்கள். மாவுக்கட்டு சில வாரம். பிரித்த பிறகு நோயாளி மடங்கிய விரலை நேராக்க நினைத்தால் நேராகாது. மணிக்கட்டைத் தூக்குவதாக நினைத்தால் விரல் நகரும்! அப்படித் தப்பான கட்டளை கொடுத்துக் கொடுத்து, வாரக்கணக்கில் பழகி, கடைசியில் மூளை புது வழியைத் தன் வழியாக்கிக்கொள்கிறது. நாணை மாற்றிக் கட்டுவது ஓர் அறுவையில் முடிந்துவிடும். பழகுவதுதான் நாளெடுக்கும். கோபத்தில் இருப்பவனிடம் "போய் ஏதாச்சும் உருப்படியா பண்ணு" என்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் மேரியின் மனத்தில் நடந்தது மடைமாற்றம்தான் என்று சொல்ல நான் யார்? இந்தத் துறையின் பலவீனமும் இங்கேதான். நல்லபடி முடிந்த வாழ்க்கையைப் பின்னாலிருந்து படித்து, "பார், துக்கம் சேவையாயிற்று" என்பது எளிது. 1998-ல் ராய் பாமைஸ்டரும் கூட்டாளிகளும் ஃப்ராய்டின் தற்காப்பு முறைகளுக்கு ஆய்வுச் சான்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். மறுப்பு போன்ற சிலவற்றுக்கு நிறையக் கிடைத்தது. மடைமாற்றத்துக்குக் கிடைக்கவில்லை. 2013-ல்தான் எமிலி கிம், வெரோனிகா ஜெப்பென்ஃபெல்ட், டோவ் கோஹன் மூவரும் ஒரு சோதனையோடு வந்தார்கள். அமெரிக்க மாணவர்களில் புராட்டஸ்டண்ட் பின்னணி உள்ளவர்கள், தகாத ஆசை கிளறப்பட்ட பிறகோ கோபத்தை அடக்கச் சொன்ன பிறகோ செய்த களிமண் உருவங்களும் எழுதிய கவிதைகளும் கூடுதல் படைப்பாற்றல் உள்ளவை என்று மதிப்பிடப்பட்டன. கத்தோலிக்க, யூத மாணவர்களிடம் அது தெரியவில்லை. எதைத் தகாதது என்று உன்னை வளர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது என்று ஆகிறது. வேலூரில் இதே சோதனையை வைத்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு ஆசை.

இதற்கு ஒரு கழிவும் உண்டு. ஆவாரம் பட்டையின் இடத்தில் குரோமியம் வந்தபின் வாரக்கணக்கு வேலை ஓரிரு நாளாகச் சுருங்கியது. தோல் ஷாப்புக் கழிவால் பாலாறு என்ன ஆயிற்று என்பதை 1996-ல் உச்ச நீதிமன்றமே எழுதவேண்டி வந்தது. மனிதர்களிலும் பார்க்கிறேன். வீட்டில் ஒரு சாவு விழுந்த மறுநாளிலிருந்து வேலை வேலை என்று ஓடி, பத்து வருஷத்தில் பெரிய ஆளாகி, பெற்ற பிள்ளையிடம் பேச வார்த்தை இல்லாமல் நிற்பவர்கள். வேகமாகப் பதனிட்டால் கழிவும் அதிகம். இன்னொன்று, எல்லாக் கோபத்தையும் பதனிட வேண்டியதில்லை. கூலி பாக்கி வைத்திருக்கிறவனிடம் கேட்க வேண்டிய கோபத்தை எம்பிராய்டரியாக மாற்றச் சொல்வது அயோக்கியத்தனம். அதைப் பச்சையாகவே கொண்டுபோய் அவன் மேஜையில் வைக்க வேண்டும்.

ஃப்ராய்ட் 1930-ல் வெளிவந்த தன் நூலில், இந்த வழி எல்லாருக்கும் வாய்க்காது, சிறப்புத் திறமையுள்ள சிலருக்கே என்று கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறார். கலைஞர்களையும் விஞ்ஞானிகளையும் மனத்தில் வைத்துச் சொன்னது. அடிக்குறிப்பு ஒன்றில் மட்டும், தானாக விரும்பித் தேர்ந்தெடுத்த சாதாரணத் தொழிலும் இதைச் செய்யும் என்று போகிற போக்கில் ஒத்துக்கொள்கிறார். அடிக்குறிப்புக்குத்தான் என் ஓட்டு. வியன்னாவில் இருந்தவர் பேரணாம்பட்டு செலக்ஷன் மேஜையைப் பார்த்ததில்லை.

போன வருஷம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். வேலையை விட்டு ரொம்ப நாளாகிறது. கட்டைவிரல் ஓரம் மட்டும் இன்னும் காய்த்துப்போய்த்தான் இருக்கிறது. பேச்சுவாக்கில் அந்த ஆறு மாசத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த ஆறு மாசத்துல நான் பிரிச்சுப் போட்ட தோலுல ஒண்ணுகூட திரும்பி வரலடா" என்றார், அதுதான் நான் கேட்டது என்பதுபோல.

"அந்தக் கோபம் போயிடுச்சா மாமா?"

"எங்க போவும்? தோலு தோலாத்தான் கீது. நாறல, அவ்ளோதான்."

சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். ஸ்டாண்டுக்கு நேர்வழி அவர் தம்பி வீட்டுத் தெரு. மாமா பேசிக்கொண்டே கடைவீதிப் பக்கம் திரும்பினார், நானும் கேட்காமல் கூடவே திரும்பினேன்.